பாட்டு மறைக்கும், வரிசை காட்டிக்கொடுக்கும்

ஓய்வு பெற்ற பிறகு ஏதாவது ஒரு வாத்தியம் கற்றுக்கொள்ளலாம் என்று கிளம்புகிறவர்கள் இப்போது நிறையப் பேர். நல்ல விஷயம்தான். ஆனால் அவர்களில் பாதிப் பேர் முதல் மாதமே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "இந்த வயசுல சரளி வரிசை எல்லாம் எதுக்கு சார்? நேரே பாட்டுக்குப் போயிடலாமே?"

போகக் கூடாது என்பது என் கட்சி. சின்னப் பிள்ளைகளாவது கொஞ்ச நாள் வரிசையைத் தள்ளிப்போடலாம். அவர்களுக்குக் காலம் இருக்கிறது. அறுபது, எழுபதைத் தாண்டிய நாம்தான் அதை விடவே கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

இதை எழுதத் தூண்டியவன் பிரான்சில் இருக்கும் என் தங்கை மகன். அவனுக்கும் ஐம்பத்தைந்து ஆகிவிட்டது. பெடல் ஸ்டீல் கிட்டார் என்ற ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு படாத பாடு படுகிறான். சென்ற மாதம் போனில் புலம்பினான்: "மாமா, பாட்டு வாசிக்கலாம்னு ஆசையா வாங்கினேன். வாத்தியார் ஆறு மாசமா ஸ்கேலையே வாசிக்கச் சொல்றார். ஒரே இழுவையா இருக்கு. நீங்களாவது சொல்லுங்க, இது தேவையா?"

நான் ஹவாயன் கிட்டார் வாசிப்பவன் என்பதால் என்னிடம் கேட்டான். போனில் சொன்னது போதாது என்று தோன்றியதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பெடல் ஸ்டீல் என்பது நம் பக்கம் பார்க்கக் கிடைக்காத வாத்தியம். மேசை மாதிரி நான்கு காலில் நிற்கும். வழக்கமாகப் பத்துத் தந்திகள். இடது கையில் சுமார் 200 கிராம் எடையுள்ள உருண்டையான எஃகுக் கம்பி. அதைத் தந்திமேல் வைத்து நகர்த்த வேண்டும். வலது கையின் கட்டை விரலிலும் இரண்டு விரல்களிலும் பிக் மாட்டி மீட்ட வேண்டும். இடது காலுக்கு மூன்று பெடல்கள். வலது காலுக்குச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு பெடல். போதாததற்கு இரண்டு முழங்கால்களாலும் தள்ளுகிற நெம்புகோல்கள் நாலைந்து. அந்தக் காலத்துப் பஸ் டிரைவருக்குக்கூட இவ்வளவு வேலை இருந்திருக்காது.

இதன் தாய் வீடு ஹவாய்த் தீவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஜோசப் கெக்குக்கு என்ற இளைஞர் கிட்டாரை மடியில் கிடத்தி, தந்திமேல் எஃகை நகர்த்தி வாசிக்கும் முறையைப் பரப்பினார் என்பார்கள். 1915-இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த பெரிய கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுவதும் இந்த ஒலி பைத்தியமாகப் பிடித்துக்கொண்டது. பெடல்கள் பின்னால் வந்தவை. 1954-இல் வெளிவந்த ஒரு நாட்டுப்புறப் பாடல் இசைத்தட்டில் பட் ஐசக்ஸ் என்பவர் தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்து, ஒரு சுரம் இன்னொன்றாக உருகுகிற மாதிரி வாசித்தார். அதன் பிறகு அங்கே எல்லோருக்கும் பெடல் வேண்டியதாகிவிட்டது.

ஹவாய்க் கிட்டார் இந்தியாவுக்கும் வந்தது. டாவ் மோ என்ற ஹவாய்க் கலைஞர் 1940-களில் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கியிருந்தார். அதனால் அந்த ஊரில் இந்த வாத்தியம் வேர்விட்டது. வான் ஷிப்லி இந்திப் படப் பாடல்களை இந்தக் கிட்டாரில் வாசித்த இசைத்தட்டுகள் நம் தலைமுறைக்கு நினைவிருக்கும். பிரிஜ் பூஷண் காப்ரா இதில் ராகம் வாசித்துக் காட்டினார். விஸ்வமோகன் பட் இதை மாற்றி மோகன வீணை ஆக்கினார், 1994-இல் கிராமி விருதும் வாங்கினார்.

ஆனால் தந்திமேல் ஒன்றை வழுக்கவிட்டு வாசிப்பது நமக்கு ஹவாய் சொல்லிக்கொடுத்த வித்தை இல்லை. நம்மிடம் கோட்டுவாத்தியம் இருக்கிறது. இப்போது சித்ரவீணை என்கிறார்கள். இருபது, இருபத்தொரு தந்திகள், மெட்டு கிடையாது, கையில் ஒரு கட்டை. திருவிடைமருதூர் சகாராம ராவ் அதற்கு மறுவாழ்வு கொடுத்தார். செம்மங்குடி சீனிவாச ஐயருக்கே அவர் பாட்டு சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்றால் அந்த ஞானத்தை நாம் ஊகித்துக்கொள்ளலாம். பிறகு நாராயண ஐயங்கார், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் என்று ஒரு வரிசை. ஆகவே என் தங்கை மகன் பட்டுக்கொண்டிருக்கிற பாடு நம்மவர்கள் எப்போதோ பட்டுத் தீர்த்த பாடுதான்.

அது என்ன பாடு?

வீணையில் மெழுகில் பதித்த 24 மெட்டுகள் இருக்கின்றன. விரலைக் கொஞ்சம் முன்னே பின்னே வைத்தாலும் சுரத்தின் இடத்தை மெட்டு ஓரளவு காப்பாற்றிக் கொடுக்கும். சாதாரணக் கிட்டாரிலும் அப்படித்தான். வழுக்குகிற வாத்தியத்தில் அந்தத் துணை இல்லை. பலகையில் கோடுகள் வரைந்திருக்கும். ஆனால் அவை வெறும் கோடுகள். தலையைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தால் கோடும் நகர்ந்த மாதிரி தெரியும்.

கணக்கு எழுதிப் பிழைத்தவன் என்பதால் ஒரு கணக்குச் சொல்கிறேன். பெடல் ஸ்டீலில் தந்தியின் நீளம் சுமார் 24 அங்குலம். அதில் முதல் கட்டத்தின் அகலம் சுமார் 34 மில்லிமீட்டர். மேலே போகப்போகக் கட்டம் சுருங்கும். பன்னிரண்டாவது கட்டம் சுமார் 18 மில்லிமீட்டர்தான். தந்தி அங்கே பாதி நீளமாகிவிடுகிறது. அதே அரைச்சுரத்துக்குக் கீழே கை நடக்கிற தூரம் ஒன்று, மேலே நடக்கிற தூரம் வேறு. கீழே ஒரு மில்லிமீட்டர் தவறினால் காது மன்னித்துவிடலாம். மேலே அதே ஒரு மில்லிமீட்டர் பல்லில் கல் கடிபட்ட மாதிரி கேட்கும்.

இப்போது நம் மாயாமாளவகௌளையை எடுத்துக்கொள்ளுங்கள். புரந்தரதாசர் ஆரம்பப் பாடத்துக்கு இந்த ராகத்தை ஏற்படுத்திக்கொடுத்தார் என்பது மரபு. ஒரே தந்தியில் வாசித்தால், ச-விலிருந்து ரி-க்கு ஒரு கட்டம். ரி-யிலிருந்து க-வுக்கு மூன்று. க-விலிருந்து ம-வுக்கு ஒன்று. ம-விலிருந்து ப-வுக்கு இரண்டு. மறுபடி ஒன்று, மூன்று, ஒன்று. மொத்தம் பன்னிரண்டு. சின்ன அடி, பெரிய தாவல், மறுபடி சின்ன அடி. முதல் பாதியின் நடையே பின்பாதியிலும் வருகிறது, ஆனால் கட்டங்கள் சுருங்கிவிட்டதால் தூரம் மட்டும் குறைந்திருக்கிறது. வழுக்கும் கைக்கு இதைவிட நல்ல பயிற்சியை யோசித்துக் கண்டுபிடிக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. சரளி வரிசை 14, பிறகு ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, ஏழு தாள அலங்காரம் என்று அடுக்கியிருக்கிற ஒழுங்கைப் பாருங்கள். சரளியில் பக்கத்து வீட்டுக்கு நடந்து பழகுகிறோம். ஜண்டையில் ஒரே சுரத்தை இரண்டு தடவை, இரண்டாவதை அழுத்தி. தாட்டில் வீடு விட்டு வீடு தாண்டுகிறோம். மூன்று காலத்திலும் வாசிக்க வேண்டும். கையின் சௌகரியத்துக்காக வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஏமாற்ற முடியாது.

பெடல் ஸ்டீலின் ஸ்கேல் பயிற்சி இதிலிருந்து கொஞ்சம் வேறுபடும். அவர்கள் பரவலாக வைத்துக்கொள்ளும் சுருதி அமைப்புக்கு ஈ-ஒன்பது என்று பெயர். அதில் கம்பியை நகர்த்தாமலே நம் சங்கராபரணத்தின் சுரங்கள் ஏழையும் வாசிக்கலாம். எட்டாவது தந்தி ச. ஏழாவது ரி. ஆறாவது க. அதே ஆறாவது தந்தியை இரண்டாவது பெடலை மிதித்து மீட்டினால் ம. ஐந்தாவது தந்தி ப. முதல் பெடலை மிதித்தால் அதுவே த. பிறகு ஒரு தாவு தாவி இரண்டாவது தந்திக்குப் போனால் நி. திரும்பி நான்காவதுக்கு வந்தால் மேல் ச. கை நிற்கிறது, கால் நடக்கிறது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எஃகுத் தந்தி ஒரு தடவை மீட்டினால் நெடுநேரம் ஒலித்துக்கொண்டே இருக்கும். அடுத்த தந்தியை மீட்டும்போது முந்தியதை உள்ளங்கையின் ஓரத்தால் தொட்டு நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் ரி-யும் க-வும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சந்தைக்கடை ஆகிவிடும். அதனால் அவர்களுடைய ஸ்கேல் பயிற்சியில் பாதி, சத்தத்தை நிறுத்தப் பழகுவதுதான். பாட்டு வாசிக்கும்போது எத்தனை தந்தி வீணாக ஒலிக்கிறது என்று நமக்கே தெரியாது. மெதுவாக ஸ்கேல் வாசிக்கும்போது ஒவ்வொன்றும் கேட்கும். இதைத்தான் தங்கை மகனிடம் சொன்னேன்: "வாத்தியார் உன்னை வதைக்கலைப்பா. எதை எங்க நிறுத்தணும்னு பழக்குறார்."

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் எங்களுக்கும் சொல்ஃபேஜ் என்று ஒரு வகுப்பு இருந்தது. தோ, ரே, மி, ஃபா என்று பாடவேண்டும். அதில் தோ என்பது நிலையான ஓர் இடம். ஆள் மாறினாலும் தோ மாறாது. நம் ச அப்படி இல்லை. அவரவர் குரலுக்கு எது பொருந்துகிறதோ அதுவே ச. வழுக்கும் வாத்தியத்துக்கு நம் முறைதான் கச்சிதம். கம்பியை இரண்டு கட்டம் தள்ளி வைத்தால் மொத்த வாத்தியமும் இரண்டு கட்டம் உயர்ந்துவிடும். பாடம் அதேதான், ச மட்டும் வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் பிரெஞ்சுக்காரர்களிடம் எனக்குப் பிடித்த பேச்சுவழக்கு ஒன்று உண்டு. எந்தத் தொழிலிலும் ஒருவர் ஆரம்பத்தில் அடிப்படையைப் பழகினார் என்பதை, "அவர் தன் சுரவரிசைகளைப் போட்டார்" என்கிற மாதிரி சொல்வார்கள். தச்சனுக்கும் சொல்வார்கள், எழுத்தாளனுக்கும் சொல்வார்கள்.

நம் தலைமுறைக்கு அதை விளங்கவைக்க டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் போதும். திண்டுக்கல்லிலும் தெருவுக்குத் தெரு இருந்ததே. முதல் நாள் போனதும் யாராவது விண்ணப்பக் கடிதம் அடிக்கச் சொன்னார்களா? ஏ எஸ் டி எஃப், செமிகோலன் எல் கே ஜே. பக்கம் பக்கமாக அதேதான். எழுத்தைக் குனிந்து பார்க்கக் கூடாது. பார்த்தால் மாஸ்டர் அதட்டுவார். அப்படிப் பழகியதால்தான் லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45 வார்த்தை என்று நம்மால் அடிக்க முடிந்தது. அந்த விரல்கள் இன்னும் மறக்கவில்லை. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் பேரப்பிள்ளைகள் இரண்டு விரலால் தேடிக்கொண்டிருக்கும்போது நாம் பத்து விரலால் அடித்துவிடுகிறோம். அங்கே ஏன் எதற்கு என்று கேட்காமல் செய்தவர்கள், சரளி வரிசையில் மட்டும் ஏன் கணக்குப் பார்க்கிறோம்?

எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு. மலைக்கோட்டைப் பக்கம் காலையில் என்னோடு நடக்கிற நண்பர் ஒருவர் சொல்வார்: "எனக்கு எழுபத்திரண்டு. கச்சேரியா பண்ணப்போறேன்? நாலு பழைய பாட்டு வாசிச்சுட்டுப் போறேன், விடுங்களேன்." சந்தோஷத்துக்காக வாசிப்பவரை வரிசை போடச் சொல்லி விரட்டினால் அவர் வாத்தியத்தைப் பரண்மேல் ஏற்றிவிடுவார். அதுவும் நடக்கிறது. யோசிக்காமல் இரண்டு மணி நேரம் வரிசையை உருட்டுவதால் பயனில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கவனம் இல்லாத சாதகம் தவறையே மனப்பாடம் செய்துவைக்கும்.

ஆனால் நண்பருக்கு நான் சொல்கிற பதில் இது. பாட்டு நம்மை ஏமாற்றும். தெரிந்த பாட்டை வாசிக்கும்போது நம் காது வாத்தியத்தைக் கேட்பதில்லை. மனசுக்குள் ஏற்கெனவே பதிந்திருக்கிற பாட்டைக் கேட்கிறது. பாடகரின் குரல், பழைய ரேடியோ, அந்தக் காலத்து ஞாபகம் எல்லாம் சேர்ந்து நம் பிசிறுகளை மூடிவிடுகின்றன. கேட்கிறவர்களும் பாட்டைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் தலையாட்டிவிடுகிறார்கள். ரி, க, ம-வுக்கு அப்படி எந்த ஞாபகமும் துணைக்கு வராது.

எனக்கு இது வெறும் தத்துவம் இல்லை. மூன்று வருஷமாக என் இடது கை லேசாக நடுங்குகிறது. வயதால் வருவதுதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். வழுக்கு வாத்தியத்தில் கம்பியை லேசாக அசைத்து வாசிப்பது அழகு. அதனால் பாட்டு வாசிக்கும்போது என் நடுக்கம் யாருக்கும் தெரிவதில்லை. "நல்லா அசைச்சு வாசிக்கிறீங்க சார்" என்று பாராட்டியவர்கள்கூட உண்டு. ஆனால் நடுக்கம் வேறு, கமகம் வேறு. கமகம் நான் சொல்லும்போது தொடங்கி, நான் சொல்லும்போது நிற்க வேண்டும். அது இன்னும் என் பேச்சைக் கேட்கிறதா என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு இருப்பது ஒரே வழிதான். தம்புராவைப் போட்டுவிட்டு, முதல் காலத்தில், ஒரே தந்தியில், அசைவில்லாமல் ரி-யில் நிற்பது. நாலு எண்ணிக்கை நின்றால் அன்றைக்குக் கை நம்முடையது. நிற்காத நாளில் கம்பியைக் கொஞ்சம் அழுத்திப் பிடிக்காமல் தளர்த்திப் பார்க்கிறேன், முழங்கையைத் தாழ்த்திப் பார்க்கிறேன். சில நாள் சரியாகிறது, சில நாள் ஆவதில்லை. ஆகாத நாளில் அன்று வாசிக்கக் கூடிய பாட்டு எது என்று தெரிந்துவிடுகிறது. ரத்த அழுத்தம் பார்ப்பது போல இதையும் தினம் பார்க்கிறேன். பாட்டை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தால், எது போயிற்று, எது மிச்சம் என்று தெரியாமலே இருந்திருப்பேன். பக்கத்து வீட்டுக்காரர், "என்ன சார், இன்னும் சரிகமபதநிதானா?" என்று கேட்கும்போது சிரித்துவிட்டுப் போய்விடுகிறேன். இவ்வளவையும் மதில்மேல் நின்று விளக்க முடியுமா?

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். இப்போது பலர் போனில் சுருதி பார்க்கும் செயலியைத் திறந்துவைத்து வரிசை வாசிக்கிறார்கள். முள் நடுவில் நின்று பச்சை எரிந்தால் சரி. தந்திகளைச் சுருதி கூட்ட அது உதவும், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் வரிசையை அதைப் பார்த்து வாசிப்பது, டைப் அடிக்கும்போது எழுத்தைக் குனிந்து பார்ப்பதுதான். மேலும் அந்தச் செயலி பியானோ கணக்கில் போகிறது. ஓர் அரைச்சுரத்தை நூறு பங்காகப் பிரித்தால், தம்புராவோடு இழைகிற அந்தர காந்தாரம் அந்தப் பச்சை விளக்கைவிடச் சுமார் 14 பங்கு கீழே இருக்கும். பெடல் ஸ்டீல்காரர்கள் பலரும் காந்தாரத் தந்தியைச் செயலி காட்டுவதற்குச் சற்றுக் கீழேதான் வைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் காது கேட்பது அதைத்தான். நம் ஊர் நாகல்நகரில் பூட்டுக்குச் சாவி அராவுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு அளந்து அராவினாலும் பூட்டுக்குள் போட்டுத் திருப்பிப் பார்த்துத்தான் அடுத்த அராவல். சுரத்துக்குத் தம்புராதான் பூட்டு.

தங்கை மகனுக்கும் நடைநண்பருக்கும் சேர்த்து நான் சொல்கிற முறை இவ்வளவுதான். தினம் இருபது நிமிஷம் போதும். முதல் ஐந்து நிமிஷம் தம்புராவோடு ஒரே தந்தியில் ஆரோகணம், அவரோகணம், எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக. அடுத்த பத்து நிமிஷம் ஒரே ஒரு வரிசை, மூன்று காலம். மூன்றாம் காலம் வராவிட்டால் இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம், அவசரம் ஒன்றுமில்லை. கடைசி ஐந்து நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒரு சுரத்தை முதலில் வாயால் பாடிவிட்டு, பிறகு கையால் போய்த் தொடுவது. வாரம் ஒரு தடவை போனில் பதிவு செய்து மறுநாள் கேட்பது. வாசிக்கும்போது கேட்காதது அப்போது கேட்கும்.

அதன் பிறகு மணிக்கணக்காகப் பாட்டு வாசியுங்கள். யாரும் தடுக்கப்போவதில்லை. முதல் இருபது நிமிஷத்தை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.